கொட்டாஞ்சேனையில் இரண்டு கார்கள்

இரண்டு கார்களைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்வதற்காக என்னைக் கொழும்புக்குக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டது என் அக்கா. நான் பாளையங்கோட்டையில் ஓர் அரிசி ஆலை முதலாளியிடம் இருபத்தேழு வருடமாக அம்பாசடர் ஓட்டுகிறவன். படிப்பு பத்தாவது வரை. நாலு பேர் கூடுகிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. கல்யாண வீடுகளில் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்று பொழுதைக் கழித்துவிடுவேன்.

அக்காவைக் கொழும்பில் கட்டிக்கொடுத்து முப்பது வருடம் ஆகிறது. அத்தானுக்குக் கொட்டாஞ்சேனையில் வீடு, புறக்கோட்டையில் இரும்புச் சாமான் கடை. இரண்டும் அவருடைய அப்பா காலத்தில் வந்தவை. அக்காவின் கடிதத்தில் இருந்த விஷயம் இதுதான். அத்தானிடம் ஒரு பழைய கார் இருக்கிறது. அவர்கள் மகள் மாலதி கனடாவில் இருக்கும் புருஷனிடம் போகப் போகிறாள். மாப்பிள்ளையின் கார் இனி இவர்களிடம் வருகிறது. அத்தானுக்கு நெஞ்சுவலி வந்து தேறிய பிறகு இரண்டு காரைக் கட்டி மேய்க்கத் தெம்பில்லை. எதை வைத்துக்கொள்வது, எதை விற்பது என்று வண்டி தெரிந்த நான் வந்து சொல்ல வேண்டும். கடைசி வரியில், "நீ சொன்னா அத்தான் கேப்பாங்க" என்று எழுதியிருந்தாள். அந்த வரியை நான் பல தடவை படித்தேன். என் சொல்லைக் கேட்டு ஒரு காரியம் நடக்கும் என்று அதுவரை யாரும் எழுதியதில்லை.

"சண்டை நடக்கிற ஊருக்கால போற?" என்று முதலாளி கேட்டார். சண்டை வடக்கே, கொழும்பில் ஒன்றுமில்லை என்று அக்கா எழுதியிருந்ததைச் சொன்னேன்.

வெறுங்கையோடு போக மனமில்லை. இரண்டு கிலோ அல்வா வாங்கினேன். திருச்செந்தூர் போய் ஒரு ஸ்டிக்கரும் வாங்கினேன். மஞ்சளில் சிவப்பாக 'முருகன் துணை' என்று ஒன்றரை முழ நீளத்துக்கு எழுத்து, பக்கத்தில் வேல். எந்தக் கார் தங்குகிறதோ அதன் பின்கண்ணாடியில் என் கையால் ஒட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

விமான நிலையத்துக்கு வெளியே என் பெயரை ஆங்கிலத்தில் எழுதிய அட்டையோடு ஒருவர் நின்றார். நாற்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, நீலக் கால்சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. என் பையை வாங்கிக்கொண்டு, "ஐயா, நான் செல்வராசு. பெரியய்யாவோட டிரைவரு" என்றார். நானும் டிரைவர்தான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னை யாரும் ஐயா என்று கூப்பிட்டதில்லை. கேட்க நன்றாக இருந்தது.

அவர் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தியது கறுப்பு நிற ஆஸ்டின் ஏ நாற்பது. என்னைவிட ஐந்தாறு வயதுதான் இளையது. உருண்டை முதுகு, பெரிய முன்பல் போல் கிரில், கண்ணாடி மாதிரி பாலீஷ். பழக்க தோஷத்தில் டிரைவர் பக்கத்துக் கதவில் கை வைத்தேன். செல்வராசு சிரித்துக்கொண்டே பின்கதவைத் திறந்துவிட்டார். இத்தனை வருடத்தில் ஒரு காரின் பின் சீட்டில் நான் உட்கார்ந்து போனது அன்றுதான்.

கியர் கம்பி ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்தது, எங்கள் பழைய அம்பாசடர் மாதிரியே. திரும்பும்போது கதவுத் தூணிலிருந்து ஒரு சின்னக் கை வெளியே நீண்டு விளக்கு எரிந்தது. நான் குனிந்து குனிந்து பார்த்ததைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "அதுக்கு சில நேரம் கோவம் வரும்யா, நீட்டாது. அப்ப நான் என் கையை நீட்டிருவேன்" என்றார்.

களனி ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் மணல் மூட்டை அடுக்கிய காவல் சாவடி. எங்களுக்கு முன்னால் நின்ற வேனிலிருந்து ஆட்களை இறக்கிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் காரைப் பார்த்ததும் ஒரு ராணுவச் சிப்பாய் பல் தெரியச் சிரித்து, ஏதோ கேட்டுவிட்டு, போகலாம் என்று கையைக் காட்டினான்.

"என்ன கேட்டான்?"

"சீயா எப்பிடி இருக்காருன்னு கேக்குறான். சீயான்னா சிங்களத்தில தாத்தா. வண்டியத்தான்யா சொல்றான்."

"உங்க அடையாளக் கார்டு ஒண்ணும் பாக்கலியே?"

"இந்த ஒஸ்டின்ல வந்தா பாக்க மாட்டானுங்க. பதினெட்டு வருசமா நான் இதே ரோட்ல ஓட்டுற வண்டி. புதுசா வர்ற பயலுக்குப் பழைய பய சொல்லிட்டுப் போயிருவான்."

நல்ல பையன்கள் என்று நினைத்ததோடு சரி. அதற்கு மேல் எனக்கு எதுவும் தோன்றவில்லை.

கொட்டாஞ்சேனை மேட்டில் ஏறும்போது வண்டி சூடேறி நின்றுவிட்டது. செல்வராசு டிக்கியிலிருந்து இரும்புக் கைப்பிடியை எடுத்து முன்னால் செருகிச் சுற்றினார். இரண்டு தடவை உதறி, மூன்றாவது தடவை பிடித்தது. நான் இறங்கியிருக்க வேண்டும். அந்தக் கைப்பிடியைச் சுற்றத் தெரிந்த கை என்னுடையது. "நீங்க இருங்கய்யா" என்றார், இருந்துவிட்டேன்.

வீட்டில் அக்கா இடியப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும் வைத்தாள். சொதி என்றால் எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு மறுநாள் வைப்பது. இங்கே அது தினசரிச் சாப்பாடு, தண்ணீராக, மஞ்சளாக, எலுமிச்சை பிழிந்து. நான் எது கேட்டாலும் அக்கா ஆமாம் என்பதற்கு "ஓம், ஓம்" என்றாள்.

"என்னக்கா, பேச்சுக்குப் பேச்சு ஓம்ங்குத? யாகம் வளக்கியா?"

"போடா. நீ ஒரு மாசம் இரு, நீயும் சொல்லுவ."

சாப்பிட்டு முடிப்பதற்குள் அத்தான் என் பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் போலீசில் பதிந்துவிட்டு வர வேண்டுமாம். காய்கறி வாங்கப் போகிறவர் மாதிரி செருப்பைப் போட்டுக்கொண்டு போனார்.

மறுநாள் தான் குடியிருக்கும் வெள்ளவத்தையிலிருந்து மாலதி மாப்பிள்ளையின் காரை ஓட்டிக்கொண்டு வந்தாள். வெள்ளை நிற டொயோட்டா கொரோலா. ஆஸ்டினைவிட முப்பது வயது இளையது. இரண்டையும் முற்றத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தபோது, கோட்டுப் போட்ட பெரியவர் ஒருவருக்குப் பக்கத்தில் அரைக்கைச் சட்டை போட்ட ஆபீஸ் பையன் நிற்பதுபோல் இருந்தது.

முழுக் காலையும் நான் கீழேயும் மேலேயுமாகக் கிடந்தேன். ஆஸ்டினின் கதவை மூடினால் பெட்டகம் மூடுவதுபோல் ஒரு சத்தம். கொரோலாவில் டப்பா மூடுகிற சத்தம். ஆஸ்டின் தகரத்தைத் தட்டினால் விரல் வலிக்கும். கொரோலாவில் விரல் அமுங்கும். ஆனால் ஆஸ்டினின் பிரேக்கை மிதிக்க முழு உடம்பும் வேண்டும். ஸ்டியரிங்கில் நாலு விரல் அகலத்துக்கு ஆட்டம். என்ஜின் எண்ணெய் குடிக்கிறது. உதிரி பாகத்துக்குப் பழைய இரும்புக் கடைகளில் ஏறி இறங்க வேண்டும். கொரோலாவில் சாவியைத் திருப்பினால் என்ஜின் ஓடுகிறதா என்று காது வைத்துக் கேட்க வேண்டியிருந்தது. ஐந்து கியர். ஸ்டியரிங்கை ஒரு விரலால் திருப்பலாம். இரண்டின் நம்பர் பலகையிலும் நடுவில் ஒரு சிங்கள எழுத்து. ஸ்ரீ என்றாள் மாலதி.

ஆஸ்டினில் ஒரு குறை எனக்குப் பெரிதாகப் பட்டது. கண்ணாடியில் ஒரு சாமி படம் இல்லை, ஒரு பெயர் இல்லை. மொட்டையாக இருந்தது.

"என்னங்க இது, இத்தன வருசமா சாமி இல்லாமயா ஓட்டுதீங்க?" என்றேன் செல்வராசுவிடம்.

அவர் முன்பக்கத்துச் சின்னப் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே தீப்பெட்டி அளவில் ஒரு முருகன் படம் ஒட்டியிருந்தது. பக்கத்தில் விபூதிப் பொட்டலம்.

"சாமிய ஏன் ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

"ஒளிக்கலீங்கய்யா. வெளிய வச்சா வெயில்ல வெளுத்துரும்."

மத்தியானம் அத்தான் முற்றத்துக்கு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "என்ன மச்சான், எது?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன். "பழசு பாக்கத்தான் அழகு அத்தான். வண்டின்னா இந்த ஜப்பான் வண்டிதான். ஸ்டியரிங்கு பூ மாதிரி இருக்கு. உங்க உடம்புக்கு நீங்களே ஓட்டிக்கிடலாம். பழசக் குடுத்துருங்க."

ஆஸ்டினின் மட்கார்டைத் துடைத்துக்கொண்டிருந்த செல்வராசுவின் கை நின்றது. பிறகு துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தார்.

சாயங்காலம் அடுப்படியில் அக்கா சொன்னாள், "அத்தானே ஓட்டினா டிரைவர் எதுக்கு? செல்வராசு வேலைய விட்டு நிக்க வேண்டியதுதான். தேயிலைத் தோட்டத்து ஆளு, அட்டன் பக்கம். ஜிந்துப்பிட்டியில ஒத்த அறையில பொண்டாட்டி, ரெண்டு பிள்ளைங்க."

"இத ஏன்க்கா முன்னாலயே சொல்லல?"

"நீ வண்டியப் பாத்துச் சொல்லணும்னுதான கூப்பிட்டோம். ஆளப் பாத்துச் சொன்னா அத்தான் கண்டுபிடிச்சிருவாங்க."

அப்போதே போய் மாற்றிச் சொல்லியிருக்கலாம். சொன்ன சொல்லை மாற்றினால் வண்டி தெரியாதவன் என்று அத்தான் நினைத்துவிடுவார் என்று யோசித்தேன். வெள்ளிக்கிழமை ஜிந்துப்பிட்டி முருகன் கோவிலுக்குக் கொரோலாவைக் கொண்டு போய்ப் பூசை போடுவது என்று முடிவாயிற்று.

வியாழக்கிழமை மாலதி என்னை வெள்ளவத்தை காட்டப் பஸ்ஸில் கூட்டிப் போனாள். கண்டக்டர் வாசலில் தொங்கிக்கொண்டு ஊர்ப் பெயர்களை ஒரே மூச்சில் கத்தினான். எங்கள் ஊர்க் கண்டக்டர்கள் இவனிடம் பாடம் படிக்கலாம். பஸ் ஏறுவதற்கு முன் எங்களுக்கு முன்னால் நின்ற ஓர் அம்மா கைக்குட்டையால் நெற்றிப் பொட்டைத் துடைத்து, கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். மாலதி நெற்றியிலும் ஒன்றுமில்லை.

"ஏம்மா, கல்யாணமான பொண்ணு பொட்டு வைக்கக் கூடாதா?"

"வேர்க்குது மாமா, நிக்குதில்லை" என்றாள்.

வெள்ளவத்தையில் இறங்கியதும் நம் ஊருக்கு வந்ததுபோல் இருந்தது. கடைக்குக் கடை தமிழ், புடவை, நகை, மல்லிகைப் பூ. சந்துக்குள் திரும்பினால் ரயில் தண்டவாளம். தண்டவாளத்தைத் தாண்டினால் கடல். திருச்செந்தூரில் கடல் கோவிலைப் பார்த்து வருகிறது, இங்கே ரயிலைப் பார்த்து வருகிறது. மீன் வைத்த பன் ஒன்றும் பால் சேர்க்காத பிளேன்டீயும் வாங்கித் தந்தாள். பன் மூன்று மூலையாக, உள்ளே மிளகு உறைப்போடு இருந்தது. இரண்டு தின்றேன்.

வெள்ளிக்கிழமை காலை கோவிலில் அர்ச்சனை முடிந்தது. கோவில் வாசல் சந்தில் கூட்டம் நெருக்கியது. கொரோலாவுக்குச் சந்தனம், குங்குமம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் என்று எல்லாம் எங்கள் ஊர் முறைப்படி செய்தேன். பிறகு சட்டைக்குள் பத்திரமாக வைத்திருந்த ஸ்டிக்கரை எடுத்தேன்.

அக்கா அதைப் பார்த்தாள். "நல்லா இருக்கு தம்பி" என்றாள். அவள் குரல் வேறு மாதிரி இருந்தது. அத்தான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பெரிசா இருக்கே மச்சான். வீட்ல சாமி அறையில ஒட்டலாமே" என்றார்.

"வண்டிக்குன்னு நேந்து வாங்கினது அத்தான்."

நேர்ந்து வாங்கியது என்றதும் அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். சாமி பேரை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? அதுவும் பெண் கொடுத்த வீட்டிலிருந்து வந்த மைத்துனன் கொண்டுவந்ததை.

செல்வராசுதான் கடைசியாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். "ஐயா, பின்னாடி வர்ற வண்டிய மறைக்கும்யா. மடிச்சு உள்ள வச்சிருவோமா?"

நான் சொன்ன பதிலை இங்கே எழுதக் கூசுகிறது. "இருவத்தேழு வருசமா வண்டி ஓட்டுதேன். எது மறைக்கும், எது மறைக்காதுன்னு எனக்குத் தெரியும்" என்றேன். நான் டிரைவர் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அவரை ஒன்றும் பேச விடாமல் செய்வதற்காக அதைச் சொன்னேன். வேலை போகிற கோபத்தில் குறுக்கே பேசுகிறார் என்று மனசுக்குள் வேறு நினைத்துக்கொண்டேன். பின்கண்ணாடியைத் துணியால் துடைத்து, ஒரு காற்றுக் குமிழ் இல்லாமல் நீவி ஒட்டினேன்.

அன்று மத்தியானம் வெள்ளவத்தையில் மாலதி வீட்டில் சாப்பாடு. அக்காவும் அத்தானும் கடையைப் பூட்டிவிட்டுப் பின்னால் வருவதாக ஏற்பாடு. நானும் செல்வராசுவும் கொரோலாவில் முன்னால் போனோம். காலி என்ற ஊருக்குப் போகும் காலி வீதியில் பம்பலப்பிட்டி தாண்டியதும் சாவடியில் கையைக் காட்டி நிறுத்தினார்கள். நிறுத்திய சிப்பாய் எங்கள் முகத்தைப் பார்க்கவே இல்லை. நேராகப் பின்பக்கம் போய் அந்தத் தமிழ் எழுத்துகளைப் பார்த்தான். இன்னொருவனைக் கூப்பிட்டான்.

இறங்கச் சொன்னார்கள். டிக்கி, சீட்டுக்கு அடி, என்ஜின் எல்லாம் பார்த்தார்கள். வண்டிப் புத்தகம் மாப்பிள்ளை பெயரில். மாப்பிள்ளை யாழ்ப்பாணத்துக்காரர், இருப்பது கனடாவில். செல்வராசுவின் அடையாள அட்டையில் அட்டன் பக்கத்துத் தோட்ட விலாசம். ஒவ்வொன்றும் சாதாரண விஷயம்தான். ஆஸ்டினில் வந்திருந்தால் ஒன்றையும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இந்த வண்டியில் ஒன்றோடொன்று சேர்த்து வைத்துப் பார்த்தார்கள்.

அதிகாரி ஒருவர் வந்தார். என் பாஸ்போர்ட்டைப் புரட்டினார். பிறகு பின்கண்ணாடியைக் காட்டி, எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, கொச்சைத் தமிழில் கேட்டார்.

"இது யார் ஒட்டினது?"

தமிழில்தான் கேட்டார். புரியவில்லை என்று நான் சொல்லிக்கொள்ள வழியில்லை. நான் என்று ஒரு சொல் போதும். என் கையில் வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இருந்தது. ஊருக்குப் புதியவன், தெரியாமல் ஒட்டிவிட்டான் என்று நாலு கேள்வியோடு விட்டிருப்பார்கள். இதை நான் பிற்பாடு அத்தானிடம் யாரோ ஒருவருக்கு நடந்ததுபோல் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த நேரத்தில் துப்பாக்கியை மட்டும்தான் பார்த்தேன். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. எனக்குக் கூச்ச சுபாவம் என்று ஊரில் சொல்வார்கள். அங்கே நின்றது கூச்சத்தினால் இல்லை, பயத்தினால்.

செல்வராசு என் பக்கம் திரும்பவே இல்லை. நெஞ்சில் கை வைத்துச் சிங்களத்தில் ஒரு சொல் சொன்னார். அந்தக் கையிலிருந்து அர்த்தம் புரிந்தது.

"நீ டூரிஸ்ட். நீ போ" என்றார் அதிகாரி என்னிடம்.

ஜீப்பில் ஏறுவதற்கு முன் செல்வராசு சாவியை என் கையில் கொடுத்தார். "மாலதி பாப்பாவுக்கு போன் போடுங்கய்யா. அந்தா, அந்தக் கடையில போன் இருக்கு. வண்டிய வெயில்ல விட வேணாம்."

இருபத்தேழு வருடம் வண்டி ஓட்டியவன், கையில் சாவியோடு, அந்த நாட்டில் ஓட்ட லைசென்ஸ் இல்லாமல், ஒரு காருக்குப் பக்கத்தில் நின்றேன். போகிற வருகிற பஸ்களின் ஜன்னலிலிருந்து ஆட்கள் பின்கண்ணாடியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

மாலதி ஆட்டோவில் வந்து இறங்கினாள். என்னிடம் எதுவும் கேட்பதற்கு முன் பின்பக்கம் போய் நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்டினாள். நான் நன்றாக நீவி ஒட்டியிருந்ததால் கிழிந்து கிழிந்துதான் வந்தது. அவள் உதடு ஏதோ முணுமுணுத்தது. முருகனிடம் மன்னிப்புக் கேட்டிருப்பாள்.

காரில் ஏறிய பிறகு கேட்டாள். "மாமா, என்ன கேட்டவங்கள்?"

"கார்டு மட்டுந்தாம்மா கேட்டாங்க. தோட்டத்து விலாசம்னு கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"ஸ்டிக்கரைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லையா?"

"இல்லம்மா."

அவள் சமைத்து வைத்திருந்த கத்தரிக்காய்க் குழம்பும் பொரித்த மீனும் மேசையில் ஆறின. அக்காவும் அத்தானும் வந்தார்கள், விஷயத்தைக் கேட்டார்கள், அப்படியே திரும்பினார்கள். அத்தான் அன்று சாயங்காலமும் சனிக்கிழமை முழுவதும் அலைந்தார். கிராம சேவகரிடம் ஒரு கடிதம், பதினெட்டு வருடமாகத் தன்னிடம் வேலை செய்கிறான் என்று தன் கையால் ஒரு கடிதம், புறக்கோட்டையில் பக்கத்துக் கடைச் சிங்கள முதலாளியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு காவல் நிலையம். நெஞ்சுவலிக்காரர் வெயிலில் படியேறி இறங்கினார். நான் வீட்டில் உட்கார்ந்து அவர் வருகிற சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை சாப்பிடும்போது, "அத்தான், பழசையே வச்சுக்கிடுங்க. நான் சொன்னது தப்பு" என்றேன்.

"நானும் அதைத்தான் நினைச்சேன் மச்சான். கொரோலா நம்பரை எழுதிட்டாங்க. இனி அது ரோட்ல போனாலே நிப்பாட்டுவான். அது நமக்கு வேணாம்" என்றார்.

ஞாயிறு மத்தியானம் செல்வராசு வந்தார். இரண்டு நாள் தாடி. இடது கை விரல்களை மடக்க முடியாமல் தொங்கவிட்டிருந்தார். கதவில் பட்டது என்றார். அக்கா பிளேன்டீ கொடுத்தாள். அத்தான் விசாரித்தார். "உள்ள என்ன கேட்டான்?"

நான் அறை வாசலில் நின்றேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். "கார்டுதான்யா. தோட்டத்து விலாசம், கொழும்பில என்னா வேலன்னு" என்றார். நான் மாலதியிடம் என்ன சொன்னேன் என்பது அவருக்குத் தெரியாது. ஆனாலும் இரண்டு கதையும் ஒத்துப்போனது. என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருக்க வேண்டும்.

அத்தான் அவர் தோளைத் தட்டினார். "ஒஸ்டின் நிக்கட்டும் செல்வராசு. நீயே ஓட்டு. மச்சான்தான் சொன்னார், பழசே நல்லம்னு."

"பெரிய உபகாரம்யா" என்று செல்வராசு என்னைப் பார்த்துக் கும்பிட்டார். மடங்காத விரல்களோடு கும்பிட்டார். நான் தலையை ஆட்டினேன்.

மீதியிருந்த இரண்டு நாளும் நான் எங்கும் போகவில்லை. மாளிகாவத்தையில் ஒரு கடையில் வட்டலப்பம் என்ற இனிப்பு நன்றாக இருக்கும், போவோம் என்று அத்தான் கூப்பிட்டார். வயிறு சரியில்லை என்றேன்.

புறப்படுகிற காலையில் ஆஸ்டினில் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். "வழியில ஒரு நிமிசம் வீட்டுக்குப் போயிட்டுப் போவமாங்க? பொஞ்சாதி பாக்கணுங்குது" என்றார் செல்வராசு. ஜிந்துப்பிட்டியில் ஒரு சந்து முனையில் நிறுத்தினார். என்ஜினை அணைக்கவில்லை, சூட்டோடு அணைத்தால் மறுபடி சுற்ற வேண்டியிருக்கும்.

அவர் மனைவி பூமணி வாசலில் நின்றாள். ஒல்லியான பெண். ஈரத் தலையில் துண்டு சுற்றியிருந்தாள். கையில் வாழை இலையும் பேப்பரும் சுற்றிய பொதி. "தேங்காப்பூ ரொட்டியும் கட்டச் சம்பலுங்க. ஏரோப்பிளேன்ல திங்கலாம்" என்றாள். "உங்களாலதாங்க இவரு வேலை தங்கிச்சு. பெரியய்யா சொன்னாராம்."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். "சந்தோசம்மா" என்றேன். திரும்பி வந்து காரில் உட்கார்ந்தேன். வண்டி நகர்ந்தது. பொதி மடியில் சுட்டது. சந்தின் கடைசி வரை கூடப் போகவில்லை.

"நிறுத்துங்க" என்றேன்.

"எதாச்சும் விட்டுட்டீங்களா?"

இறங்கி நடந்தேன். பூமணி இன்னும் வாசலிலேயே நின்றாள், கை இரண்டையும் கட்டிக்கொண்டு. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி குழாயடியில் குடம் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள். அவள் போகட்டும் என்று காத்திருந்தால் நான் மறுபடியும் பேசாமல் போய்விடுவேன் என்று தெரிந்தது. அவளுக்கும் கேட்கும்படியே சொன்னேன்.

"அந்த ஸ்டிக்கர ஒட்டினது நாந்தான். யாரு ஒட்டினதுன்னு என் முன்னாலதான் கேட்டான். நான் வாயத் தொறக்கல. இவரு தன் மேல போட்டுக்கிட்டாரு."

பூமணி தலைத் துண்டை அவிழ்த்து உதறி மறுபடி சுற்றினாள்.

"தெரியுங்க. வந்த அன்னிக்கே சொல்லிட்டாரு" என்றாள். "ரெண்டு நாளு புள்ளைங்ககிட்ட அப்பா அட்டன் போயிருக்காருன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். ரொட்டி சுடச் சொன்னதும் அவருதான். நான் சுட மாட்டேன்னு சொன்னேன்."

"ஏம்மா சுட்ட?"

"கையில குடுத்துப் பாப்போம்னு. நீங்க பாட்டுக்கு வாங்கிட்டு சந்தோசம்மான்னு போனீங்க பாருங்க, அப்பதாங்க எனக்கு வயிறு எரிஞ்சிச்சு."

பொதியைத் திரும்ப நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"சுட்டது சுட்டாச்சு. போய்ச் சாப்பிடுங்க. அவருக்கு வெரலு இன்னும் மடங்கலீங்க. அதையும் நெனச்சுக்கிட்டே சாப்பிடுங்க."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.